நிலா பிடித்தவருக்கு ஒரு கட்டு பீடி

எங்கள் வீட்டுக் கூடத்தில் கிழக்குச் சுவர் முழுக்க சாமி படங்கள். மேற்குச் சுவர் முழுக்க அமெரிக்காக்காரர்கள். இதை வைத்து என்னைப் பற்றி யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். தினமும் குளித்து, விபூதி பூசி, கிழக்குப் பக்கம் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் மேற்குப் பக்கம் திரும்புவேன்.

அந்த அமெரிக்காக்காரர்கள் எல்லாரும் ஹாலிவுட்டின் பழைய ஆட்டபாட்டப் படங்களில் வேலை செய்தவர்கள். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியது படம் இல்லை. படம் எடுக்கும்போது, கேமரா ஓடாத நேரத்தில், பக்கத்தில் நின்று யாரோ எடுத்த போட்டோக்கள். கறுப்பு வெள்ளை, தடித்த தாள், பின்னால் டைப் அடித்த ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். இப்படி என்னிடம் நாற்பத்து மூன்று இருக்கின்றன. சுவரில் ஏழு, மீதி எல்லாம் பிஸ்கட் டப்பாவில், வேப்பிலைச் சருகு போட்டு.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். வீடு கடலூரில்; பக்கத்துச் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், அதற்கும் நடராஜர்தான் காரணம். பெரிய நடராஜர் படம் ஒன்றுக்குப் பழைய தேக்குச் சட்டம் தேடிப் பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். கிடைத்த சட்டத்துக்குள் ஏற்கெனவே ஒரு போட்டோ இருந்தது. "அதைக் கிழிச்சிப் போட்டுட்டு உங்க படத்தை வைங்க சார்" என்றார் கடைக்காரர்.

கிழிக்கத்தான் எடுத்தேன். கை வரவில்லை.

பெரிய கொட்டகை. பின்னால் துணியில் எழுதிய வானம். முன்னால் இறகு வைத்த வெள்ளை கவுன் போட்ட ஒரு பெண், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதத்தைத் தானே அமுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மேலே ஏணியின் உச்சியில் ஒரு கிழவர். தொளதொள கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, தலையில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முகத்தில் பாதி நிழல். கையில் கயிறு. கயிற்றின் முனையில் அட்டையில் வெட்டிய நிலா. கீழே எல்லோரும் ஓய்வில் இருக்கிறார்கள். அவர் மட்டும் நிலாவை விடவில்லை.

எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்துவிட்டது. என் அப்பா சிதம்பரத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர். கல்யாணமோ கருமாதியோ, முதலில் வருகிறவரும் அவர்தான், கடைசியில் போகிறவரும் அவர்தான். நடுவில் ஏணிமேல் இருப்பார்.

அன்றைக்கு நடராஜருக்கு வேறு சட்டம் வாங்கினேன். தேக்குச் சட்டம் அந்தக் கிழவருக்கே இருந்துவிட்டது. நடராஜர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் ஆட்டக்காரர்களின் கஷ்டம் தெரியும்.

அப்புறம் ஒன்றொன்றாகச் சேர்ந்தன. பாண்டிச்சேரிக்காரர் எது வந்தாலும் போன் போடுவார். பெங்களூரில் ஒருவரிடம் என் மகள் இங்கிலீஷில் எழுதி இரண்டைக் கொடுத்து மூன்றை மாற்றி வாங்கினாள். ஒரு போட்டோவில் பத்துப் பெண்கள் வரிசையாகச் சாய்வுப் பலகைகளில் சாய்ந்து நின்றபடியே தூங்குகிறார்கள். உட்கார்ந்தால் கவுன் கசங்கிவிடுமாம். பின்னால் ஒட்டிய சீட்டில் அப்படித்தான் போட்டிருந்தது என்று மகள் படித்துச் சொன்னாள். இன்னொன்றில் பளிங்கு மாளிகைப் படிக்கட்டு. பக்கவாட்டிலிருந்து எடுத்ததால் பின்னால் வெறும் சவுக்குக் கட்டை மாதிரி முட்டுக் கொடுத்திருப்பது தெரிகிறது.

சிதம்பரத்தில் திரையை விலக்கி ரகசியம் காட்டும்போது அங்கே என்ன இருக்கிறது? தங்க வில்வ மாலையும் வெறும் வெளியும். உள்ளூர்க்காரனான எனக்கு, திரைக்குப் பின்னால் ஒன்றுமில்லாதது ஏமாற்றமாக இருந்ததே இல்லை. அந்த முட்டுக் கட்டைகளைப் பார்க்கும்போதும் மனசு அப்படித்தான் நிறைகிறது. இரண்டையும் ஒன்றாகச் சொல்வது அபசாரம் என்றால் அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

என் மனைவிக்கு இந்த விளக்கம் எல்லாம் எடுபடவில்லை.

"ஊர்ல இருக்கிறவுங்க சாமி படம் வாங்குறாங்க. இவுரு ஆட்டக்காரி கால் அமுக்குற படம் வாங்குறாரு."

"ஆடுறவரு ஊர்ல பொறந்தவன் வேற எதை வாங்குவேன்?"

"அவரு காலைத் தூக்கினவரு. இது காலைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்குது."

ஆனால் அவளுக்கு முட்டி வலி உண்டு. ஒரு நடனக்காரி தொட்டியில் காலை ஊறப் போட்டிருக்கும் படம் வந்த அன்றைக்கு, காபியை ஆற்றிக்கொண்டே வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெந்நீர்ல உப்புப் போட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள். அதையும் சுவரில் மாட்டிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு விருத்தாசலம். சம்பந்தி ரொம்ப ஒழுக்கமானவர். பெண் பார்க்க வந்த அன்றே, "எங்க வூட்ல வெத்தலை பாக்குகூடக் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பத்திரிகை கொடுக்கத் தொடங்கும் முன் முன்னோர்களுக்குப் படையல் போடுவோம். இறந்தவர்களின் படங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்து, முதல் பத்திரிகையை அவர்கள் காலடியில் வைப்போம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று நாள் குறித்தோம். பத்தரைக்கு ராகுகாலம். சம்பந்தியும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குப் படம் இருக்கிறது. வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதில் அம்மா, போலீஸ் ஸ்டேஷனில் திருடனை அடையாளம் காட்ட வந்தவர் மாதிரி இருப்பார். அப்பாவுக்கு அதுகூடக் கிடையாது. ஊரில் பாதிக் கல்யாண போட்டோக்களில் அவர் போட்ட பந்தல் இருக்கிறது, அவர் இல்லை. இத்தனை வருஷமாகத் திவசத்துக்கு அவருக்குப் பதில் ஒரு பித்தளைச் சொம்பைத்தான் வைத்தோம்.

அன்றைக்கு மகள் சொன்னாள்: "தாத்தா எப்படி இருப்பாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. என் பத்திரிகையைச் சொம்புக்கிட்ட வெக்காதப்பா. ஒரு படம் கொண்டா."

மனைவி சும்மா இருப்பாளா? "நாப்பத்தி மூணு வெள்ளைக்காரங்களைத் தேடிக் கண்டுபுடிச்சீங்க. பெத்த அப்பா ஒருத்தரைக் கண்டுபுடிக்க முடியாதா?"

நியாயமான கேள்விதான்.  வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

முதலில் கோயிலுக்குப் போய், "உன் வாசல்ல எத்தனை திருவிழாவுக்குப் பந்தக்கால் நட்டிருப்பாரு, ஒரு முகத்தைக் காட்டக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அப்புறம் பந்தல் போட்டதாக அப்பா சொல்லிக் கேட்ட வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒரு வீட்டில் கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு வீட்டில் என்னை நன்கொடை கேட்க வந்தவன் என்று நினைத்து, விஷயத்தைச் சொல்வதற்குள் ஐயா ஊரில் இல்லை என்றார்கள். சொன்னது ஐயாவேதான்.

மூன்றாவது, தேரடிப் பக்கம் ஒரு பெரிய வீடு. அறுபத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா. விஷயத்தைச் சொன்னேன். உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, வெல்வெட் அட்டை போட்ட ஆல்பத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்.

என்னுடைய பைத்தியத்தால் ஒரு பழக்கம் வந்திருந்தது. எந்த போட்டோவிலும் நான் நடுவைப் பார்ப்பதில்லை. ஓரத்தைத்தான் பார்ப்பேன். விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது, துணி வானத்துக்குக் கீழே யாருடைய கால் தெரிகிறது என்று. அப்படியே ஒவ்வொரு பக்கமாக ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என்னா தம்பி, என் கல்யாணத்துல என்னைப் பாக்காம கம்பத்தையே பாக்குற?"

"மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க மகாலட்சுமி மாதிரி இருக்கீங்க. எங்க அப்பா கம்பத்துலதான் இருப்பாரு."

எட்டாவது பக்கம். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியிருக்கிறது. எல்லோரும் அட்சதையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். வலது மேல் மூலையில் ஒரு ஏணி. ஏணியில் ஒரு முதுகு. தோளில் கயிற்றுச் சுருள், பூணூல் மாதிரி குறுக்கே போட்டது. இடது முழங்கை முழுசாக நீளாமல் மடங்கியே இருக்கிறது. ஒரு தேர்த் திருவிழாவில் பந்தலிலிருந்து விழுந்த பிறகு அப்பாவின் கை அப்படித்தான்.

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதுதாம்மா எங்க அப்பா" என்று விரலை வைத்தேன்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். "அட, இவரா! முகூர்த்த நேரத்துல சீரியல் பல்பு அத்தனையும் அணைஞ்சிபோச்சி தம்பி. இவரு ஏறி ரெண்டு ஒயரையும் கையால சேத்துப் புடிச்சதும் எரிஞ்சிது. எறங்கினா அணையுது. எங்க மாமனாரு, 'யோவ், மூணாவது முடிச்சு விழுற வரைக்கும் நீ திரும்பக்கூடக் கூடாது'ன்னு சொல்லிட்டாரு. பாவம், அப்படியே நின்னாரு."

ஆல்பம் முழுக்கத் தேடியும் முகம் இல்லை. அந்த ஒரு முதுகுதான்.

என் போனில் எடுத்துப் பார்த்தேன், கலங்கலாக வந்தது. அந்த அம்மா பக்குவமாகப் போட்டோவையே உரித்துக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: "கடலூருக்கெல்லாம் எடுத்துட்டுப் போவக் கூடாது. தெருமுனைக் கடையில காப்பி எடுத்துட்டு இப்பவே குடுத்துடணும்."

தெருமுனை ஸ்டூடியோக்காரர் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "பொண்ணு மாப்பிள்ளையைப் பெருசாக்கணுங்களா?" என்று கேட்டார்.

"அவுங்களை வெட்டிடுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"முதுகைப் பெருசாக்குங்க" என்றேன்.

"சார், எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றார் அவர். கல்யாணப் பெண்ணோடு எனக்கு ஏதோ பழைய வழக்கு என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொன்னதும் அவரே உற்சாகமாகி, பிரேம் போட்டுக் காலை எட்டு மணிக்குக் கையில் கொடுக்கிறேன் என்றார். போட்டோவை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முதல் பஸ்ஸில் போய் எட்டு மணிக்கு முன்பே கடை வாசலில் நின்றேன். அவர் எட்டே முக்காலுக்கு வந்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. மனைவியின் போன் சார்ஜில் கிடந்ததாம். அவள் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாளாம், மகள் உள்ளறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தாளாம். பஸ்ஸோ, வழியில் கை காட்டிய ஒவ்வொருவரையும் சொந்தக்காரர் மாதிரி நின்று விசாரித்து ஏற்றிக்கொண்டு போனது.

வீட்டு வாசலை மிதிக்கும்போது மணி பத்து பதினைந்து. சாம்பிராணி வாசனை வந்தது. உள்ளே மணியடிக்கும் சத்தம்.

கூடத்தில் எல்லோரும் கை கூப்பி நிற்கிறார்கள். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, குமராட்சியிலிருந்து முதல் மினிபஸ்ஸில் வந்தவன், கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். தலைவாழை இலையில் வடை, பாயசம், அப்பாவுக்குப் பிடித்த பக்கோடா, ஒரு புதுக் கட்டு பீடி. பலகையின்மேல் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில், தேக்குச் சட்டத்தில், நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு, ரோஜா மாலைக்குள்ளிருந்து, நிலாவைப் பிடித்தபடி அந்த அமெரிக்காக் கிழவர்.

மகளின் பத்திரிகை அவர் காலடியில் இருந்தது.

"வாங்க மாமா! நல்ல நேரம் போயிடப் போவுதேன்னு நானே ஆரம்பிச்சிட்டேன்" என்றான் மச்சான், பெருமை தாங்காமல்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அவன் அவரைப் பார்த்ததே இல்லை. பந்தல்காரர் என்று தெரியும். கறுப்பு வெள்ளைப் படம், முகத்தில் பாதி நிழல். தலையில் துணி கட்டி, துணியை முழங்கால் வரை சுருட்டி, ஏணிமேல் கயிற்றோடு நிற்கிற கிழவர். வேறு யாராக இருக்க முடியும்?

நான் மெல்லக் கேட்டேன். "மச்சான், கீழ ஒரு பொம்பளை உக்காந்திருக்குமே?"

"ஆமா மாமா. யார் வூட்டுக் கல்யாணப் பொண்ணோ, மேக்கப்பு ஜாஸ்தி. படையல்ல அதெல்லாம் எதுக்குன்னு மாலையைப் போட்டு மறைச்சிட்டேன்."

அந்த நேரம் பார்த்து சம்பந்தி கண்ணைத் திறந்து, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "மூக்கு அப்படியே உங்க அப்பா மூக்குதாங்க உங்களுக்கு" என்றார்.

அடுப்படியிலிருந்து மனைவி பாயசக் கிண்ணத்தோடு வந்தாள். பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் நடராஜர் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் காகிதம் சுற்றிய அப்பாவின் முதுகு இருந்தது.

"அது எங்க அப்பா இல்லைங்க" என்றேன்.

மணிச் சத்தம் நின்றது.

"பின்ன யாரு?" என்றார் சம்பந்தி.

"தெரியாதுங்க. அமெரிக்காவுல ஒரு சினிமாவுக்கு நிலா புடிச்சவரு."

சம்பந்தி கூப்பிய கையை இறக்கினார். சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். புடவை கட்டி முடித்து வந்த மகள் கதவு ஓரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் காகிதத்தைப் பிரித்து அப்பாவை எடுத்துக் காட்டி, பல்பு அணைந்த கதையைச் சொன்னேன். ஒயரைப் பிடித்துக்கொண்டு மூன்று முடிச்சுவரை நின்றதையும் சொன்னேன். மகள் வந்து படத்தை என் கையிலிருந்து வாங்கினாள். முழங்கை மடங்கியிருந்த இடத்தை விரலால் தொட்டாள்.

சம்பந்தி பக்கத்தில் வந்து இரண்டு படத்தையும் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலுதான்னு சொல்லுங்க."

மச்சான் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தான். "ஐயோ மாமா, சாமி குத்தமாயிடுச்சா? அந்த ஆளைத் தூக்கிடவா?"

"தொடாதடா" என்றாள் மனைவி. "மாலை போட்டு, சோறு போட்டு உக்கார வெச்சவரை எழுப்புவியா? இன்னொரு இலை கொண்டா. ராகுகாலத்துக்கு இன்னும் ஏழு நிமிசம் இருக்குது."

அந்த ஏழு நிமிஷத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஓட்டம் எந்த நாடகக் கொட்டகையிலும் நடந்திருக்காது. மச்சான் இலை கழுவினான். மனைவி வடை வைத்தாள். அம்மாவின் மாலையில் பாதியைப் பிரித்து அப்பாவுக்குப் போட்டோம். முதுகுக்குச் சந்தனம் எங்கே வைப்பது என்று ஒரு குழப்பம் வந்தது. மகள் பின்தலையிலேயே வைத்துவிட்டாள். எல்லாம் ஆன பிறகு மனைவி கையைப் பிசைந்தாள்.

"பீடி ஒரு கட்டுதான் வாங்கினேன். அது அவரு இலையில போயிடுச்சே."

படைத்ததை எடுத்து இன்னொருவருக்கு வைக்கக் கூடாது. அப்பாவுக்குப் பீடி இல்லாமல் படையலும் கூடாது. கடை தெருக் கோடியில் இருக்கிறது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அப்போது வெற்றிலை பாக்குகூடப் போடாத எங்கள் சம்பந்தி, யாரையும் பார்க்காமல், வேட்டி மடிப்புக்குள் கையை விட்டு ஒரு பீடிக் கட்டை எடுத்தார். அதில் மூன்று குறைந்திருந்தது. அப்பாவின் இலை ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து, "வூட்ல சொல்லிடாதீங்க" என்றார்.

அந்த நிமிஷம்தான் எங்கள் சம்பந்தம் உறுதியானது என்பது என் அபிப்பிராயம்.

மகள் இன்னொரு பத்திரிகையை எடுத்து அப்பா படத்தின் முன்னால் வைத்தாள். மச்சான் மறுபடியும் கற்பூரம் ஏற்றினான். பத்து இருபத்தெட்டுக்கு முடிந்தது. மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தபோது ஒரு காக்கை உடனே வந்து கொத்தியது. மச்சான் பக்கத்தில் வந்து காதோரம் கேட்டான்: "மாமா, இது உள்ளூரா, வெளியூரா?"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் பந்தல் போட்டவரைக் கூப்பிட்டு, முகம் தெரிகிற மாதிரி எங்களோடு நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். அவர் கூச்சத்தில் ஏணியை விடவே இல்லை. ஏணியும் போட்டோவில் இருக்கிறது.

இப்போது அப்பா கிழக்குச் சுவரில், அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். நிலா பிடித்தவர் பழையபடி மேற்குச் சுவருக்குப் போய்விட்டார். ஆனால் ஒரு தடவை சோறு போட்டாகிவிட்டதே, அதனால் அமாவாசைக்கு அமாவாசை அவருக்கும் ஒரு பூ வைக்கிறாள் என் மனைவி. கேட்டால், "அவுங்க ஊர்ல யாரு செய்யிறாங்களோ, என்னமோ" என்கிறாள்.

புதிதாக வருகிறவர்கள் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, ஏன் முகமே தெரியவில்லை என்று கேட்பார்கள். நான் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மனைவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

"எங்க மாமனாரு வேலையா இருக்காருங்க. திரும்பினா லைட்டு அணைஞ்சிடும்."